நீங்களே சர்வீஸ் செய்த பிறகு எரியும் விளக்கு: பிரித்துப் பார்ப்பதா, ஸ்கேனரா, ஒர்க்ஷாப்பா?

ஏர் ஃபில்டரையோ பேட்டரியையோ பிரேக் பேடையோ வீட்டு வாசலிலேயே மாற்றிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள். நேற்று வரை இல்லாத ஒரு விளக்கு மீட்டரில் எரிகிறது. இனி என்ன செய்யலாம்? செய்த வேலையைத் திரும்பப் பிரித்துப் பார்க்கலாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டலாம். போனோடு சேரும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கலாம், இல்லாவிட்டால் கொஞ்சம் பெரிய கை ஸ்கேனராகவே வாங்கலாம். தெருமுனை மெக்கானிக்கிடம் ஓட்டிப் போகலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். ஆறு வழிகளுமே நடைமுறையில் மக்கள் செய்பவைதான். எந்த விளக்குக்கு எந்த வழி என்பதில்தான் பணமும் நேரமும், சில சமயம் எஞ்சினும் போகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடித்த அன்றோ மறுநாளோ எரிந்த விளக்கு என்றால், எந்த மெக்கானிக்குக்கும் கிடைக்காத ஒரு துப்பு உங்களிடம் இருக்கிறது: எதைக் கழற்றினீர்கள், எந்த ஒயரை நகர்த்தினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை வைத்து முதலில் தேடுங்கள். அகப்படாவிட்டால், காரின் கம்ப்யூட்டர் கோளாறைக் குறித்து வைக்கும் எரர் கோடை ஸ்கேனரில் படியுங்கள். அதன் பிறகு, விளக்கு எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று பார்த்து ஆளைத் தேடுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கோடைப் படிக்கும் முன்பே அழித்துவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. துரதிர்ஷ்டவசமாக அதைத்தான் பலர் முதலில் செய்கிறார்கள்.

சிவப்பு எரிந்தால் ஒப்பிட எதுவும் இல்லை

வழிகளை ஒப்பிடும் முன் நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. சிவப்பு என்றால் பெரும்பாலும் இல்லை.

ஆயில் கேன் சின்னம் சிவப்பாக எரிந்தால், எஞ்சினுக்குள் ஆயில் பிரஷர் இல்லை என்று பொருள். ஆயில் மாற்றிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் இது சில விநாடிகள் கூடுதலாக எரியும். புது ஃபில்டர் காலியாக இருக்கிறது, அது நிரம்பிய பிறகே பிரஷர் ஏறும் என்பதால் அது இயல்பு. ஐந்தாறு விநாடி தாண்டியும் அணையவில்லையா, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். வீட்டில் ஆயில் மாற்றுபவர்களுக்கு அடிக்கடி நேரும் ஒன்று இது: பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அது தெரியாமல் புது ஃபில்டரை அதன் மேலேயே முறுக்கிவிட்டால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஸ்டார்ட் செய்து பிரஷர் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஊற்றிய ஆயில் முழுக்கத் தரையில் இறங்கிவிடும். டிரெயின் போல்ட்டில் பழைய வாஷரையே போட்டிருந்தாலும் கசியும், ஆனால் சொட்டுச் சொட்டாக. கசிவு எதுவும் இல்லை, டிப்ஸ்டிக்கில் அளவும் சரி, ஆனாலும் விளக்கு எரிகிறது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கேயும் போகாதீர்கள். மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும், அல்லது டோ வண்டி வரட்டும். “ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டிப் போனால், ஆயில் இல்லாமல் பேரிங்கும் கிராங்கும் உரசி, எஞ்சினையே இறக்க வேண்டிய செலவு வந்துவிடும்.

கூலன்ட் மாற்றிய பிறகு சிவப்புத் தெர்மாமீட்டர் எரிந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். இப்போது வரும் பல சின்னக் கார்களில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. குளிர்ந்திருக்கும்போது நீலம், சூடேறினால் சிவப்பு, அவ்வளவுதான். அதனால் சிவப்பைப் பார்த்த நொடியே நிறுத்த வேண்டும். சூடு தணியும் வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

சிவப்பு பிரேக் விளக்குக்கு முதலில் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா, அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு சரியா என்று பாருங்கள். பிரேக் பேட் மாற்றியவர்கள் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நன்றாக அழுத்தி அழுத்திக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். பின்னே தள்ளிய பிஸ்டன் பேடை வந்து தொடும் வரை முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. எத்தனை முறை மிதித்தும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று புகுந்திருக்கிறது; அதைச் சரிசெய்யும் வரை வண்டி நகரக் கூடாது.

சிவப்பு பேட்டரி சின்னம் என்றால் சார்ஜ் ஏறவில்லை. பேட்டரி மாற்றிய பிறகு எரிந்தால் முதலில் டெர்மினல்தான். பெல்ட் மாற்றிய பிறகு எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள். பல எஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அது அறுந்தோ கழன்றோ இருந்தால் அடுத்து எஞ்சின் சூடேறும்.

மஞ்சளில் ஒன்றே ஒன்று சிவப்புக்குச் சமம்: மினுக்கி மினுக்கி எரியும் செக் எஞ்சின் விளக்கு. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் பெட்ரோல் அப்படியே சைலென்சர் பக்கம் போகிறது, அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும் என்ற எச்சரிக்கை அது. கன்வெர்ட்டர் விலையோடு ஒப்பிட்டால் டோ வண்டிக் கூலி மிகவும் சின்னது.

முதல் வழி: செய்த வேலையைத் திரும்பப் பார்ப்பது

செலவு எதுவும் இல்லை. அரை மணி நேரம் போதும். ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், “சரியாத்தானே மாட்டினேன்” என்ற நம்பிக்கையில். சரியாக மாட்டியிருக்கிறோமா என்று கண்ணால் பார்ப்பது போதாது. ஒவ்வொரு கனெக்டரையும் விரலால் அழுத்தி, ‘க்ளிக்’ சத்தம் கேட்கிறதா, லேசாக இழுத்தால் வராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி நுழைந்த கனெக்டர் பார்வைக்கு முழுசாக நுழைந்த மாதிரியே இருக்கும்.

ஏர் ஃபில்டர் மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் மேலோ, அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயிலோ இருக்கும் சென்சார். உள்ளே வரும் காற்றின் அளவையோ சூட்டையோ அளப்பது அது. பெட்டியைத் தூக்கும்போது அதன் ஒயர் இழுபட்டிருக்கும். கிளிப்புகள் எல்லாம் பூட்டியிருக்கின்றனவா, குழாயின் கிளாம்ப் இறுக்கமா என்றும் பாருங்கள். காற்றின் அளவை அளக்கும் சென்சார் உள்ள கார்களில், சென்சாரைத் தாண்டிய இடத்தில் குழாய் வாய்பிளந்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அதற்கேற்ற பெட்ரோல் கிடைக்காததால் ஐடிலிங்கில் எஞ்சின் நடுங்கும், சில நாளில் விளக்கும் எரியும். அளவு சென்சாருக்குப் பதில் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) பிரஷர் சென்சார் வைத்திருக்கும் சின்னக் கார்களும் நிறைய உண்டு. அவற்றில் இந்தக் குழாயைவிட, எஞ்சினைச் சுற்றியுள்ள மெல்லிய வேக்கம் ஹோஸ் ஏதாவது கழன்றிருக்கிறதா என்பதே முக்கியம்.

ஸ்பார்க் பிளக் மாற்றிய பிறகு எஞ்சின் மிஸ் ஆகிறது என்றால் பிளக்குக்குத் தீப்பொறிக் கரண்ட் தரும் காயிலின் கனெக்டரைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ஒரு எளிய சோதனை இருக்கிறது: சந்தேகப்படும் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் பழுது. அதே இடத்தில் நின்றால் பிளக், அதன் பீங்கானில் விழுந்த விரிசல், அல்லது வேறு ஏதோ. இதற்கு எந்தச் சிலிண்டர் என்று தெரிய வேண்டும். அங்கேதான் ஸ்கேனர் உதவுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பேட்டரி மாற்றியவர்களுக்குச் சில சமயம் ஒன்றுக்கு நான்கு விளக்குகள் எரியும்: ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), ஸ்டீயரிங், ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காப்பது), சில கார்களில் டயர் பிரஷரும். பயப்பட வேண்டாம். கரண்ட் போய்த் திரும்பியதில் ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்ற நினைவு அழிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஒரு முறை முழுக்கத் திருப்பி, பிறகு நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினால் பல கார்களில் தானாகவே அணைந்துவிடும். அணையாவிட்டால் டெர்மினலைக் கையால் திருக்கிப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் இறுக்கம் போதாது. மல்டிமீட்டர் இருந்தால் எஞ்சின் ஆஃபில் 12.6 வோல்ட் அருகிலும், ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரையிலும் காட்ட வேண்டும்.

பிரேக் வேலைக்குப் பிறகு ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கரத்துக்குப் பின்னால் போகும் மெல்லிய ஒயர்தான் முதல் சந்தேகம். கேலிப்பரைக் கழற்றித் தொங்கவிடும்போது அது இழுபடும். நட்டுகளை முடுக்கியதும் அதன் கிளிப்பைத் திரும்ப மாட்ட மறந்தால் டயர் உரசி அறுந்தும் போகலாம். வீல் பேரிங் மாற்றியவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. இப்போதைய பேரிங்குகள் பலவற்றில் ஒரு பக்க சீலில்தான் காந்த வளையம் இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் பேரிங் நன்றாகவே சுற்றும், சென்சாருக்கு மட்டும் எதுவும் தெரியாது.

சீட்டைக் கழற்றிச் சுத்தம் செய்பவர்களுக்கு ஏர்பேக் விளக்கு எரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைக் கழற்றிவிட்டு, எதற்கோ சாவியை ஆன் செய்திருப்பார்கள். அந்த நொடியிலேயே கோடு பதிந்துவிடும். கனெக்டரைத் திரும்ப மாட்டினாலும் பல கார்களில் விளக்கு அணையாது. இங்கே மட்டும் நானே பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் முனையை வைப்பதுகூட ஆபத்து, ஏர்பேக் வெடிக்கத் தேவையான கரண்ட் மிகக் குறைவு. பேட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நிமிடங்கள் காத்திருந்து, கனெக்டர் பூட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மீதி வேலை சரியான ஸ்கேனர் வைத்திருப்பவருடையது.

சில விளக்குகள் கோளாறே கிடையாது. ஸ்பேனர் சின்னமோ ‘சர்வீஸ்’ என்ற எழுத்தோ வந்தால் அது கிலோமீட்டர் கணக்கு. ஆயில் மாற்றியது காருக்குத் தெரியாது, நாம்தான் மேனுவலைப் பார்த்து ரீசெட் செய்ய வேண்டும். டயர்களை இடம் மாற்றிய பிறகு எரியும் பிரஷர் விளக்குக்கும் முதலில் நான்கிலும் சரியான காற்று, அப்புறம் ரீசெட்.

இவ்வளவும் பார்த்து எதுவும் அகப்படவில்லை என்றால், நீங்கள் செய்த வேலைக்கும் விளக்குக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். நம் ஊரில் இதற்கு முதல் காரணமாக நான் எலியைத்தான் சொல்வேன். மழைக் காலத்தில் நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஏறி ஒயரைக் கடித்திருக்கும், அதே வாரத்தில் நீங்கள் பானட்டைத் திறந்திருப்பீர்கள். எஞ்சின் மேல் எலிப் புழுக்கையோ, கடித்துத் துப்பிய துணுக்கோ கிடக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவது

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் யோசனை இது. பழைய கார்களில் விளக்கு அணையவும் செய்யும். அதுதான் இதன் பிரச்சினை. கோடு பதியும்போது எஞ்சின் என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு லோடில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் ஒரு படம் மாதிரி சேர்த்து வைத்திருக்கும். டெர்மினலைக் கழற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடும். மூன்று நாள் கழித்து விளக்கு திரும்ப எரியும், அப்போது மெக்கானிக்கிடம் காட்ட ஒன்றும் இருக்காது. கூடவே கடிகாரம், ரேடியோ கோடு, கண்ணாடி ஒரே தட்டில் ஏறி இறங்கும் செட்டிங், கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த ஐடிலிங் அளவு எல்லாம் போகும். புதிய கார்களில் ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகள் பெரும்பாலும் இதற்கு அசையாது.

உண்மையில் இதற்கு அவசியமும் இல்லை. கழன்ற கனெக்டரைச் சரியாக மாட்டிவிட்டீர்கள் என்றால், கோளாறு இல்லாமல் பொதுவாக மூன்று ஓட்டச் சுழற்சிகள் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, ஆஃப் செய்வது ஒன்று) தொடர்ந்து முடிந்ததும் செக் எஞ்சின் விளக்கு தானாகவே அணைந்துவிடும். கோடு மட்டும் நினைவில் இருந்து, சுமார் 40 முறை எஞ்சின் குளிர்ந்து சூடேறிய பிறகு தானே அழியும். ஏபிஎஸ் விளக்கு பெரும்பாலும் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும், நான்கு சக்கரமும் ஒரே மாதிரி சுற்றுவதைப் பார்த்து அணையும். நான்கைந்து நாள் வழக்கம்போல ஓட்டிப் பார்ப்பது டெர்மினலைக் கழற்றுவதைவிட நல்ல சோதனை.

போனோடு சேரும் சின்ன ஸ்கேனர்

வீட்டில் சர்வீஸ் செய்பவர் வாங்க வேண்டிய முதல் கருவி எது என்று கேட்டால் நான் டார்க் ரெஞ்சுக்கு அடுத்தபடியாக இதைச் சொல்வேன். ஈஎல்எம்327 என்ற பெயரில் ஆன்லைனில் விற்கும் தீப்பெட்டி அளவுக் கருவி இது. பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள்ளோ, கொஞ்சம் கூடவோ கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு அருகில் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகி, போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் மாதிரி ஓர் ஆப்பைப் போட்டால் கோடு வந்துவிடும். இந்தியாவில் பி.எஸ்.4 புகை விதிப்படி வந்த கார்களுக்கு 2013 ஏப்ரலில் இருந்து, கோளாறைக் கார் தானே கண்டறிந்து கோடாகச் சொல்லும் ஓபிடி-2 முறை கட்டாயமானது. பி.எஸ்.6 வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய கார் என்றால் சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தைய காரில் சாக்கெட் இருந்தும் ஆப் பேசாமல் போகலாம்.

கோடுகளைப் படிப்பது கடினம் இல்லை. ‘பி’ (P) என்று ஆரம்பித்தால் எஞ்சின், கியர் பக்கம். ‘சி’ என்றால் பிரேக், ஸ்டீயரிங். ‘பி’ போலவே ஒலிக்கும் இன்னொரு ஆங்கில எழுத்து, அகரவரிசையில் இரண்டாவது, ஏர்பேக் மாதிரியான பாடி வேலைகளுக்கு. ‘யூ’ என்றால் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் லைனில் சிக்கல். எஞ்சின் கோடுகளில், வீட்டு வேலைக்குப் பிறகு அடிக்கடி வருபவை சில. பி0113 என்றால் உள்ளே வரும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் சிக்னல் எல்லை மீறியிருக்கிறது. ஏர் ஃபில்டர் வேலைக்குப் பிறகு என்றால் அநேகமாகக் கனெக்டர் கழன்றிருக்கும். பி0102 காற்றின் அளவை அளக்கும் சென்சாருக்கு. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எங்கோ காற்று கள்ளத்தனமாக நுழைகிறது. பி0301 முதல் பி0304 வரை, கடைசி எண் எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்பதைச் சொல்லும். மேலே சொன்ன காயில் மாற்றும் சோதனையைச் செய்து, பி0301 இருந்த இடத்தில் பி0302 வந்தால் காயிலை வாங்கிவிடலாம். பிளக், இன்ஜெக்டர் என்று வரிசையாக மாற்றிப் பார்த்துப் பணத்தை விட வேண்டியதில்லை.

ஆனால் கோடு சொல்வது இடத்தை மட்டும்தான். பி0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சென்சார் நடப்பதைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கலாம், குற்றம் கழன்ற ஹோஸுடையதாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற எண்ணை ஆப்பில் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி, ஐந்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் நல்லது. ஐடிலிங்கில் மட்டும் பிளஸ்ஸில் 15, 20 என்று ஏறி, 2500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் காற்றுக் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வேகம் ஏற ஏற அது கூடினால் பெட்ரோல் பிரஷரையோ காற்று சென்சாரையோ சந்தேகப்படலாம். இந்த ஒரு எண்ணுக்காகவே அந்த ஆயிரம் ரூபாய் தகும்.

இதன் எல்லைகளையும் சொல்ல வேண்டும். விலை குறைந்த கருவியும் பொதுவான ஆப்பும் சேர்ந்தால் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் விளக்குகளுக்கு ‘கோடு எதுவும் இல்லை’ என்று காட்டும், அதை நம்பி எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. சந்தையில் இருப்பவை பெரும்பாலும் போலிகள், சில போலிகள் சில கார்களோடு பேசவே பேசாது. திருப்பிக் கொடுக்க வழியுள்ள இடத்தில் வாங்குங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்குப் பழைய ப்ளூடூத் வகை சேராது, வைஃபை அல்லது ப்ளூடூத் எல்இ வகை வேண்டும். வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த சாக்கெட்டில் சாவி ஆஃபிலும் கரண்ட் உண்டு, பல நாள் நிற்கும் வண்டியில் பேட்டரியை இறக்கும்.

அழிக்கும் பட்டனை அழுத்தும் முன் கோடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாரிடம் போனாலும் அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.

கை ஸ்கேனர் யாருக்கு

லாஞ்ச், ஆட்டெல் மாதிரியான கம்பெனிகளின் கை ஸ்கேனர்கள் ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் படித்து அழிக்கும். சிலவற்றில் காற்று வரத்தைத் திறந்து மூடும் த்ராட்டிலைப் பழக்குவது, ஸ்டீயரிங் கோணம் செட் செய்வது, பிரேக் வேலைக்கு எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக்கைத் திறப்பது வரை உண்டு. விலை பல ஆயிரம். ஒரே கார், வருடத்துக்கு இரண்டு ஆயில் சர்வீஸ் என்று இருப்பவருக்கு இது தேவையில்லை. வீட்டில் இரண்டு மூன்று கார்கள் இருந்து, பிரேக் வேலை, வீல் பேரிங் எல்லாம் சொந்தமாகச் செய்கிறவர் என்றால் கணக்கு மாறும். ஒரே அபார்ட்மென்ட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. ஆனால் உங்கள் கார் மாடலை, வருடத்தோடு, அந்தக் கருவி ஏபிஎஸ்ஸுக்கும் ஏர்பேக்குக்கும் ஆதரிக்கிறதா என்று வாங்கும் முன்பே பட்டியலில் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் ‘எல்லாக் கார்களுக்கும்’ என்று எழுதியிருப்பது எஞ்சின் கோடுகளைப் பற்றித்தான்.

தெருமுனை ஒர்க்ஷாப்

ஏபிஎஸ், ஸ்டீயரிங் விளக்குகளுக்கும், கோடு தெரிந்தும் காரணம் தெரியாத எஞ்சின் விளக்குகளுக்கும் என் முதல் தேர்வு நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் தனி ஒர்க்ஷாப்தான். கம்பெனி சர்வீஸைவிடக் குறைந்த லேபர். கூடவே நின்று பார்க்கலாம். ஒயர் அறுந்திருந்தால் ஒட்டித் தருவார்கள், முழு ஒயர்க் கட்டையும் (ஹார்னஸ்) மாற்றச் சொல்ல மாட்டார்கள். எலி கடித்த ஒயருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

போகும்போது நீங்கள் செய்த வேலையை மறைக்காதீர்கள். “அண்ணே, பேட் நானே மாத்தினேன், அப்புறம்தான் இந்த லைட்டு” என்று சொன்னால் அவர் நேராகச் சக்கரத்துக்குப் போவார். கூச்சப்பட்டு “சும்மா எரியுது” என்றால் எஞ்சினில் ஆரம்பித்து ஒரு நாள் ஓடும், அந்த நேரத்துக்கும் காசு நீங்கள்தான் தர வேண்டும். ஸ்கேன் செய்ய எவ்வளவு, கோளாறு கண்டுபிடித்தால் அது பில்லில் கழியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் மறுக்க மாட்டார். பார்ட் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு தந்திரத்தில் மட்டும் கவனம் வேண்டும். விளக்குக்கு மேல் டேப் ஒட்டியோ, பல்பையே கழற்றியோ ‘சரி’ செய்து தருபவர்கள் உண்டு. வண்டியை எடுக்கும்போது சாவியை ஆன் மட்டும் செய்து பாருங்கள். செக் எஞ்சின், ஏபிஎஸ், ஏர்பேக் மூன்றும் ஒரு தடவை எரிய வேண்டும். எரியாத விளக்கு நல்ல அறிகுறி கிடையாது. பழைய கார் வாங்கும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

வாரன்டி ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால் முதல் வழியைப் பார்த்த கையோடு இங்கேதான் போக வேண்டும். சொந்தமாக ஒயரை வெட்டி ஒட்டினால் அந்தப் பகுதிக்கு வாரன்டி மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். நீங்கள் போட்ட ஆயில், ஃபில்டர் பில்லையும் எடுத்துப் போங்கள். மேனுவலில் சொன்ன கிரேடுதான் போட்டோம் என்று காட்ட அதுதான் வேண்டும். டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி உள்ள பி.எஸ்.6 டீசல் கார்களுக்கு இது இன்னும் முக்கியம். சாம்பல் குறைவாக விடும் ஆயிலுக்குப் பதில் சாதாரண ஆயிலை ஊற்றினால் புகை வடிகட்டி மெல்ல மெல்ல அடைபடும்.

ஏர்பேக் விளக்குக்கு வாரன்டி முடிந்திருந்தாலும் நான் கம்பெனிக்கே போகச் சொல்வேன். 2019 ஜூலையிலிருந்து விற்கும் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம் என்பதால் மிகச் சின்னக் காரிலும் இந்த விளக்கு இருக்கிறது. விளக்கு எரியும்போது மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம். கோடு அழித்த கையோடு சர்க்யூட் சரியா என்றும் பார்த்துத் தர வேண்டிய வேலை இது. காசு கூடுதலாக ஆகட்டும்.

மற்றபடி வாரன்டி முடிந்த காரின் சாதாரண செக் எஞ்சின் விளக்குக்கு இங்கே போனால், கழன்ற கனெக்டருக்கும் முழு ஜாப் கார்டு, வாட்டர் வாஷ், ஒரு நாள் காத்திருப்பு என்று ஆகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், சரியானதா என்று உறுதி செய்வது உங்கள் வேலை. வண்டியைக் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஐடிலிங், கொஞ்சம் ஊர் டிராஃபிக், கொஞ்சம் பைபாஸ் என்று கலந்து ஓட்டுங்கள். பல கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தெரிந்த பிறகே விளக்கை எரியவைக்கும். அதனால் முதல் நாள் விளக்கு அணைந்திருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து ஸ்கேனரைச் செருகி, இன்னும் விளக்கை எரியவைக்காத கோடுகள் இருக்கும் ‘பென்டிங்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் கருவியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம். பழைய கோடு அங்கே மறுபடி உட்கார்ந்திருந்தால், விளக்கு எரியும் முன்பே பானட்டைத் திறக்க வேண்டியதுதான்.